பென்சிலால் அடைத்த துளை

பழங்காசு சேகரிப்போர் சங்கத்திலிருந்து போன வாரம் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். வீட்டில் கிடைக்கிற சாதாரணச் சாமான்களை வைத்துக்கொண்டே காசுகளை எப்படிப் படம் எடுப்பது என்பது விஷயம். ஆயுசு முழுக்கக் கேமராவோடு குப்பை கொட்டியவனைத் தேடி வந்து கேட்டால் சந்தோஷம்தானே, சரி என்றேன். அதோடு அவர்கள் எழுந்து போயிருக்கலாம். ஒருவர் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். தலை பொறித்த ஒரு பொற்காசின் படம். இந்த மாதிரி மாசு மறு இல்லாமல் வரவேண்டும், காசில் கீறலோ ஓட்டையோ இருந்தால் படத்தில் அதை மறைப்பதற்கும் வழி எழுதுங்கள் என்றார்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தப் படத்தை எடுத்தவன் நான். வந்தவர்களிடம் அதைச் சொல்லாமல், காபி கொடுத்து, புத்தகம் இரண்டு நாள் என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்ட கட்டுரை இதுதான். படம் எடுக்கும் முறையும் இதில் இருக்கிறது, மறைக்கும் முறையும் இருக்கிறது. மறைத்ததால் என்ன ஆயிற்று என்பதும் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் அச்சில் போடுவதாக இருந்தால் எதையுமே போட வேண்டாம்.

நான் தொழில் படித்தது சேலத்தில், சபாபதி முதலாளியின் ஸ்டூடியோவில். படித்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடி பிளேட்டு கழுவினேன், மருந்து கரைத்தேன், கல்யாண வீடுகளுக்குக் கேமரா பெட்டியைச் சுமந்தேன். சில வருஷங்களில் வெளியூர் வேலைகளுக்கு என்னைத் தனியாக அனுப்பத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம் அது.

முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தது கேமரா அல்ல, பென்சில். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் முகத்திலாவது அம்மைத் தழும்பு இருக்கும். தழும்பின் குழி படத்தில் கறுப்பாக விழும். கண்ணாடி நெகட்டிவில் அதே இடம் வெளிறித் தெரியும். அந்த வெளிறிய இடத்தைப் பென்சிலால் பொட்டுப் பொட்டாக நிரப்பினால், அச்சுப் போடும்போது தழும்பு போய்விடும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்குவார். நெகட்டிவின் மேல் பென்சில் பிடிப்பதற்காக ஒரு மெருகெண்ணெயைத் துணியால் ஒற்றித் தடவுவார். சாய்வு மேஜையில் பிளேட்டை வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும்படி ஒரு கண்ணாடியைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தார் என்றால், யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டார். என்னைக் கைநீட்டி அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. வேலை சரியில்லை என்றால் பிளேட்டைப் பேசாமல் என் பக்கம் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை. தன் பென்சில் பட்ட இடத்தைப் பட்டணத்துக்காரன்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைக்கு நியாயமும் இருந்தது. அவர் பென்சிலால் எத்தனையோ பெண்களுக்கு வரன் அமைந்திருக்கிறது.

அப்போது நாமக்கல்லில் ஒரு வக்கீல் இருந்தார். பழங்காசு என்றால் அவருக்கு உயிர். காசுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கான படங்களை எல்லாம் எங்கள் ஸ்டூடியோதான் எடுத்தது. எங்களுக்கு அவரைவிடப் பெரிய வாடிக்கை கிடையாது. அந்தக் கோடையில் மோகனூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டியபோது ஒரு மண் கலயத்தில் தலை பொறித்த பொற்காசுகள் கிடைத்தன. வெட்டியவர்கள் தோட்டக்காரரிடம் கொடுக்க, அவர் சர்க்காரில் ஒப்படைத்தார். வக்கீல் அவற்றைப் போய்ப் பார்த்தார். கிணறு வெட்டியவர்களில் அர்த்தனாரி என்று ஒருவர். அவர் மனைவி பாவாயியின் கழுத்தில் அதே மாதிரி ஒரு தலைக்காசு தாலியாகவே தொங்குகிறது என்று யாரோ வக்கீல் காதில் போட்டுவிட்டார்கள். மாமியார் வழியாக வந்த காசு. அவர்கள் குடும்பத்தில் மூத்த மருமகளுக்கு அதுதான் தாலி.

அதைப் படம் எடுத்தே தீர வேண்டும் என்று வக்கீல் ஒற்றைக்காலில் நின்றார். புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றித் தரச் சொன்னால் யார் தருவார்கள்? பாவாயி முடியாது என்றுவிட்டார். கடைசியில் வழி சொன்னது அர்த்தனாரிதான். ஆடிப் பதினெட்டு அன்று காவிரியில் தலைமுழுகிப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள். புதுக் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி முதலில் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் பழைய கயிற்றைக் கழற்றுவார்கள். காசு பழைய கயிற்றிலிருந்து புதுக் கயிற்றுக்கு மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம் கையில் இருக்கும். அந்த நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். காசு வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்றார் பாவாயி.

ஆகவே கேமராதான் வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. சங்கத்தார் கேட்ட முறை இதுதான், நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு ஜன்னல் இல்லை. ஒரே ஒரு வாசல், வடக்குப் பார்த்தது. அதுவே போதும். கேமராவைக் குனிந்து பார்க்கும்படி நிறுத்த எங்கள் முக்காலியால் முடியாது. அவர்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை வாசலை ஒட்டிப் போட்டு, கயிற்றைக் கையால் விலக்கி, லென்ஸ் கீழே பார்க்கும்படி கேமராவைக் கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல். அவற்றின் மேல், மருந்து சுரண்டிக் கழுவிய ஒரு பழைய பிளேட்டுக் கண்ணாடி. அதற்குக் கீழே தரையில் கறுப்புத் துணி. காசைக் கண்ணாடியின் மேல் வைத்தால் அதன் நிழல் கீழே துணியில் போய்த் தொலைந்துவிடும், காசின் விளிம்பு சுத்தமாகக் கிடைக்கும். காசில் உள்ள தலையின் உச்சி வாசல் பக்கம் இருக்க வேண்டும். வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கினால்தான் மேடு, மேடாகவே தெரியும். தாடைப் பக்கத்திலிருந்து வந்தால் மேடெல்லாம் பள்ளமாகிவிடும். எதிர்ப்பக்கம் அர்த்தனாரியின் வெள்ளை வேட்டியைக் கட்டிலின் இரண்டு கால்களுக்கு நடுவே விரித்துக் கட்டினேன். காசில் நிழல் விழுந்த பக்கம் கொஞ்சம் தெளிந்தது.

புளி போட்டுத் துலக்கிவிட்டால் பளிச்சென்று வருமே என்றார் வக்கீல். பாவாயி முறைத்தார். நானும் வேண்டாம் என்றேன். துலக்கிய காசு கண்ணாடி மாதிரி அடிக்கும், உருவம் விழாது. அதன் மேல் பூசியிருந்த மஞ்சளே அந்தக் கண்கூச்சத்தை அடக்கிக்கொண்டது. அந்தக்கால பிளேட்டில் மஞ்சளும் பொன்னும் கறுத்து விழும் என்பதால், லென்ஸ் மூடியைத் திறந்து நிதானமாகவே விட்டு மூடினேன். அவ்வளவுதான் வேலை. ஈரத் தலையோடு, கழுத்தில் மஞ்சள் கிழங்கோடு பாவாயி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மூடியதும் கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காசில், தலைக்கு நேர் மேலே ஒரு துளை இருந்தது. வட்டமான துளை அல்ல. எத்தனை தலைமுறை மருமகள்கள் போட்டார்களோ, கயிறு அறுத்து அறுத்து மேல்பக்கமாக நீண்டு, ஓரம் வழவழவென்று தேய்ந்துபோன துளை. என் பிளேட்டில் அது அச்சு அசலாக விழுந்திருந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், நான் எடுத்த காசுப் படங்களிலேயே நல்ல படம் அது.

சேலத்துக்கு வந்து வக்கீல் அதைப் பார்த்தார். படம் பிரமாதம், இந்த ஓட்டைதான் கண்ணை உறுத்துகிறது, புத்தகத்தில் பார்க்க நன்றாக இருக்காது என்றார். முதலாளி பிளேட்டை எடுத்துக்கொண்டு சாய்வு மேஜையில் உட்கார்ந்தார். அம்மைத் தழும்பு நிரப்புகிறவருக்குக் காசில் ஒரு துளை எம்மாத்திரம்? பொன்னின் அந்த மங்கல் நிறம், ஓரத்துப் புள்ளி வரிசை எல்லாவற்றையும் பென்சிலாலேயே கொண்டுவந்துவிட்டார். படத்தை எடுத்த எனக்கே துளை எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. வக்கீல் படத்தைத் தன் ஆல்பத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். துளையோடு ஒன்றும் துளை இல்லாமல் ஒன்றும் என்று கேட்டிருக்கலாம். அந்த ஆளுக்கு அது தோன்றவில்லை.

ஐப்பசியில் தாசில்தாருக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிற்று. கிணற்றில் கிடைத்த காசு முழுவதும் சர்க்காருக்கு வரவில்லை, ஒன்றை அர்த்தனாரி அமுக்கிக்கொண்டார், அது அவர் மனைவி கழுத்தில் தொங்குகிறது என்று எழுதியிருந்தார்களாம். தாசில்தார் கூப்பிட்டு விசாரித்தார். இது காலங்காலமாக எங்கள் வீட்டில் இருப்பது, துளையைப் பாருங்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். அந்தத் தெருப் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். காசு விஷயத்தில் விவரம் தெரிந்தவர் என்று தாசில்தார் வக்கீலையும் கேட்டார். வக்கீல் ஆல்பத்தை அனுப்பினார். ஆடி மாதம் எடுத்த படத்தில் காசு முழுசாக இருக்கிறது. அப்படியானால் துளை போட்டது ஆடிக்கு அப்புறம், திருட்டை மறைக்கத்தான் துளை போட்டு அரத்தால் தேய்த்திருக்கிறார்கள் என்று தாசில்தார் முடிவு கட்டி, அர்த்தனாரியை லாக்கப்பில் போட்டுவிட்டார்.

நியாயத்தைப் பாருங்கள். தினமும் அந்தக் கழுத்தைப் பார்த்த அத்தனை பெண்கள் சொன்னது பொய், காகிதத்தில் ஒட்டின படம் மெய். ஆடிப் பதினெட்டு அன்று அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று, அந்தத் துளையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, அதை அடைக்கச் சொன்னதும் இதே வக்கீல்தான். அவர் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? படத்தில் பென்சில் வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொன்னால், புத்தகத்தில் உள்ள மற்ற படங்களையும் உலகம் சந்தேகப்படும். அர்த்தனாரி லாக்கப்பில் கிடந்தால் என்ன, புத்தகத்துக்கு மாசு வரக்கூடாது.

பாவாயியும் அவர் அண்ணனும் எங்கள் ஸ்டூடியோவைத் தேடி வந்தது ஒரு காலை நேரம். முதலாளி சாய்வு மேஜையில் இருந்தார். நான் முன்னால் இருந்தேன். என் கண் முதலில் போனது பாவாயியின் கழுத்துக்குத்தான். காசு சர்க்கார் பெட்டிக்குப் போய்விட்டது. கயிற்றில் மஞ்சள் கிழங்கு மட்டும் தொங்கியது. அன்றைக்குக் கொஞ்ச நேரம் தொங்கிய அதே மாதிரிக் கிழங்கு, இப்போது காய்ந்து சுருங்கிப் போயிருந்தது.

"ஏனுங்க, அன்னைக்கு எங்க ஊட்டுக்கு வந்து போட்டா புடிச்சது நீங்கதானுங்களே," என்றார் பாவாயி. "எங்காசுல ஓட்டை இருந்துச்சுங்களா இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சுங்க," என்றேன்.

"அப்புறம் எப்படிங்க போட்டாவுல இல்லாமப் போச்சு?"

நான் திரும்பி முதலாளியைப் பார்த்தேன். அவர் கையில் பென்சில் அப்படியே நின்றது. அண்ணன் நடந்ததை எல்லாம் சொன்னார். எங்களுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் படி இறங்கியதும் மறுபடி பென்சிலைத் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய வாடிக்கை போய்விடும் என்பது ஒரு பக்கம். இந்த ஸ்டூடியோ படங்களில் உள்ளது உள்ளபடி இருக்காது என்று தாசில்தார் கச்சேரியில் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது இன்னொரு பக்கம். அத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அந்த ஓட்டைய அடைச்சது நீங்கதானுங்க முதலாளி. தொறக்கிறதும் நீங்கதான் தொறக்கோணும். நான் போய்ச் சொன்னா அந்த வக்கீல் என்னைத் தூக்கி வெளிய போட்டுருவாரு."

அவர் திட்டவில்லை. என் பக்கம் எதையும் தள்ளவும் இல்லை. மறுநாள் விடிந்ததும் அந்தப் பிளேட்டைத் துணியில் சுற்றி, டர்பன்டைன் சீசா, கொஞ்சம் பஞ்சு, அச்சுச் சட்டம், வெயிலில் வைத்தால் தானே படம் வருமே அந்தத் தாள், எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார்.

கச்சேரியில் வக்கீலும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியிடம் தணிந்த குரலில், "யோசிச்சுச் செய்யுங்க," என்றார். முதலாளி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே தாசில்தார் முன்னால் போய் நின்றார். பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார்.

"இதுதானுங்க அந்த போட்டாவோட மூலம். பாத்துக்குங்க. இதுல நான் பென்சில் வேலை செஞ்சிருக்கறனுங்க."

தாசில்தார் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தார். எங்கே என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில்கூட முதலாளியின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதை நான் பார்த்தேன். அப்புறம் அவர் பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, பிழிந்து, தலைக்கு மேலே மெல்ல ஒரு தடவை தேய்த்தார். பஞ்சில் கறுப்பு ஏறியது. பஞ்சை தாசில்தாரிடமே கொடுத்து, மிச்சத்தை நீங்களே துடையுங்கள் என்றார். தாசில்தார் தயங்கித் தயங்கித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அந்த இடம் வெளிறிக்கொண்டே வந்தது. நீண்டு, மேல்பக்கம் தேய்ந்த அந்த வடிவம் அப்படியே கண்ணாடியில் வந்து நின்றது.

இது துளைதான் என்று எப்படி நம்புவது என்றார் தாசில்தார். முதலாளி பிளேட்டைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி, கச்சேரி முற்றத்து வெயிலில் வைத்தார். குமாஸ்தாக்கள், பியூன், பாவாயி, அவர் அண்ணன் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வக்கீல் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெயில் ஏற ஏறத் தாளில் நிறம் ஏறியது. கறுப்பு நடுவே காசு வந்தது, காசில் தலை வந்தது, தலைக்கு மேலே துளை கறுப்பாக விழுந்தது. தாசில்தார் பெட்டியிலிருந்து காசை வரவழைத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துளையின் தேய்மானம் உட்பட இரண்டும் ஒன்றுதான். அந்தத் தெருப் பெண்கள் சொன்னது மெய்தான் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு அவர் வக்கீலைப் பார்த்து, உங்களுக்கு இது தெரியாதா என்று கேட்டார். புத்தகத்துக்கு லட்சணமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன், படத்தை அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினேன், மற்றபடி நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லையே என்றார் வக்கீல். எவ்வளவு சுத்தமான பதில் பாருங்கள். கையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

அன்று சாயங்காலமே அர்த்தனாரியை விட்டுவிட்டார்கள். காசையும் கொடுத்தார்கள். கச்சேரி வாசலிலேயே பாவாயி கயிற்றிலிருந்த காய்ந்த கிழங்குக்குப் பக்கத்தில் காசைக் கோத்துக்கொண்டார். முதலாளி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. பாவாயி அவரிடம் வந்தார்.

"ஏனுங்க, ஓட்டை இல்லாட்டி நான் கயித்த எதுல கோப்பனுங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார்.

முதலாளி பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகும் கல்யாணப் பெண்களின் முகத்தில் பென்சில் வைத்தார், அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்களே வந்து கேட்டது அது. காசு, நகை, சிலை, கட்டிடம் எதிலும் வைக்கவில்லை. வக்கீல் எங்கள் கடைப் பக்கம் மறுபடி வரவில்லை. நஷ்டம்தான், பரவாயில்லை.

இந்தக் கதை இதோடு முடிந்தது என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வக்கீலின் புத்தகம் வெளிவந்ததே எனக்குத் தெரியாது. போன வாரம் சங்கத்தார் பிரித்துக் காட்டிய பக்கத்தில் இருப்பது பாவாயியின் காசு. கச்சேரியில் அத்தனை பேர் முன்னால் துடைத்து எடுத்த பிறகும், ஆல்பத்தில் ஒட்டியிருந்த பழைய படத்தையே மனிதர் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். கீழே 'குறையற்ற நிலையில் உள்ளது' என்று ஒரு வரி வேறு. யாருடைய காசு என்பதற்கு ஒரு எழுத்து இல்லை. அதைத்தான் நீங்கள் மாதிரி என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறீர்கள்.

கட்டில், செங்கல், கண்ணாடி, கறுப்புத் துணி, வெள்ளை வேட்டி, வடக்கு வாசல். நீங்கள் கேட்ட சாமான்கள் இவ்வளவுதான். மறைக்கிற முறையையும் எழுதிவிட்டேன், அதைக் கையில் எடுக்கிறவர் யாராக இருந்தாலும் என் வீட்டுப் படி ஏற வேண்டாம். புத்தகத்தை நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சங்கத்தார் வருத்தப்பட வேண்டாம். கோணி ஊசியால் குத்தியது நான்தான். தலைக்கு நேர் மேலே, இருந்த இடத்திலேயே, மேல்பக்கம் கொஞ்சம் நீளவாக்கில் குத்தியிருக்கிறேன்.